பக்கத்தாங்குச் சுழியோடல்: பயிலப் புகுவோர்க்கு உபகரணத் தெரிவு

"ஆழமறியாமற் காலை விடாதே" என்பது நாம் எல்லோரும் இளமையிலே கேட்டு வளர்ந்த பழமொழி. நாற்புறமும் கடல் சூழ்ந்த நாட்டிலே அதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் இந்நாளிலே ஆழத்தை நன்கு அறிந்தும், அறிந்தமையாலேயே அதனுள் இறங்க விரும்பும் இளைஞர் நம்மிடையே தோன்றியுள்ளனர். விடுமுறைக் காலத்திலே பவளப் பாறைகளைக் கண்டு மகிழ்வதோடு அமையாது, ஆழத்திற் கிடக்கும் கப்பல்களையும் நீர் நிறைந்த குகைகளையும் காண அவாவும் இவர்களுட் சிலர் நம் கல்லூரியின் பழைய மாணவர். இத்துறையிற் சில ஆண்டுகள் பயின்றவன் என்ற காரணத்தால் என்னை அணுகி அவர்கள் கேட்கும் வினா பெரும்பாலும் ஒன்றே: "பயிற்சியிற் சேர்வதற்கு முன் என்னென்ன வாங்கவேண்டும்?"

அவ்வினாவிற்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். விடையின் சாரத்தை முதலிலேயே கூறிவிடலாம். வாங்கவேண்டியவை மிகச் சில. அவற்றுட் பலவற்றையும் ஆசிரியரைக் கண்ட பின்னரே வாங்கவேண்டும். இவ்வாறு கூறுவதற்குக் காரணம் உண்டு. அக்காரணத்தை அறிந்தவன் கடைக்காரர் தரும் பட்டியலைத் தானே எடைபோட்டுக் கொள்வான்.

பக்கத்தாங்கு முறை யாது?

சாதாரண சுழியோடி ஒரு சிலிண்டரை முதுகிலே சுமக்கின்றான். ஆழச் செல்வோர் நெடுங்காலமாக இரண்டு சிலிண்டர்களை ஒன்றாகப் பிணைத்து முதுகிலே சுமந்தனர். இன்றும் பலர் அவ்வாறே செய்கின்றனர். 'சைட்மவுண்ட்' எனப்படும் பக்கத்தாங்கு முறையிலோ முதுகிலே சிலிண்டர் இல்லை. உடலின் இரு புறத்தும், அக்குளிலிருந்து இடுப்பின் கீழ்வரை, புறத்துக்கு ஒன்றாக இரண்டு சிலிண்டர்கள் உடலோடு ஒட்டிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வால்வு, தனித்தனி றெகுலேற்றர், தனித்தனி அமுக்கமானி. ஒன்றுக்கும் மற்றதற்கும் இடையே இணைப்பு எதுவும் இல்லை.

இம்முறை குகைகளிலே பிறந்தது. இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளிலுள்ள வூக்கி ஹோல் என்னும் குகையிலே 1935ஆம் ஆண்டிற் சிலர் தலைக்கவச உடை அணிந்து சுழியோடினர். 1946இலே அந்நாட்டின் குகைச் சுழியோடிகள் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். அந்நாட்டுக் குகைகளிலே நெடுந்தூரம் உலர்ந்த வழியாகத் தவழ்ந்து சென்றபின், கூரைவரை நீர் நிறைந்த சிறு பகுதி ஒன்று குறுக்கிடும். அதனைக் கடந்தால் மீண்டும் உலர்ந்த வழி. முதுகிலே பெருஞ்சுமை ஏற்றிக்கொண்டு அவ்விடுக்குகளில் நுழைதல் இயலாது. ஆதலால், 1960களிலே சிறு சிலிண்டர்களை இடுப்புப் பட்டியிற் பக்கவாட்டிலே தொங்கவிட்டுச் சென்றனர். பின்னர் அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள ஊற்றுக்குகைகளிலே, கூரை தாழ்ந்த வழிகளில் நெடுந்தூரம் நீந்த விரும்பியோர் அதனைத் திருத்தியமைத்துச் சிலிண்டரை அக்குள்வரை உயர்த்தினர். அங்கிருந்து அது மெக்சிக்கோ நாட்டின் யுக்கத்தான் குடாநாட்டிற்கும், பின்னர் திறந்த கடலுக்கும் பரவியது.

யுக்கத்தானும் நம் யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போலச் சுண்ணாம்புக்கல் நிலமே. மழைநீர் கல்லைக் கரைத்து நிலத்தின்கீழ் வழிசெய்து ஓடுகின்றது. மேலே நன்னீரும் கீழே உவர்நீரும் நிற்கின்றன. நிலாவரைக் கேணியைக் கண்டவர்க்கு அங்குள்ள 'செனோட்டே' என்னும் நீர்க்குழிகள் புதுமையாகத் தோன்றா. ஆனால் அளவிலே அவை வேறு. அங்குள்ள சக் அக்துன் என்னும் குகைத்தொகுதி, 2018ஆம் ஆண்டிலே மற்றொரு குகையோடு இணைந்திருத்தல் கண்டறியப்பட்டபோது, ஏறத்தாழ 347 கிலோமீற்றர் நீளமுடையதெனக் கணிக்கப்பட்டது. நான் பயின்றதும் அக்குடாநாட்டிலேயே.

மேலே செல்லவியலாத இடம்

சாதாரண சுழியோடிக்கு இடர் நேர்ந்தால் அவனுக்கு ஒரு வழி உண்டு. மெதுவாக மேலெழுந்து வானத்தைக் காணலாம். தொழினுட்பச் சுழியோடல் என்பது அவ்வழி அடைபட்ட சுழியோடல் ஆகும். குகையிலும் கப்பலின் உட்புறத்திலும் அதனை அடைப்பது கல்லும் இரும்பும். ஆழ்கடலிலோ அடைப்பது நம் குருதியே. அமுக்கத்தின்கீழ் உடலிற் கரைந்த வாயு, விரைந்து மேலெழுந்தாற் குமிழிகளாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். ஆதலால், குறித்த ஆழங்களிலே குறித்த நேரம் தங்கித் தங்கியே மேலே வரவேண்டும். இதனை அமுக்கத்தணிவு என்பர். ஹோல்டேன் என்னும் அறிஞர் தம் துணைவரோடு 1908ஆம் ஆண்டிலே இதற்கான முதல் அட்டவணைகளை வெளியிட்டார். கண்ணுக்குத் தெரியாத கூரையாயினும், அக்கூரையும் கூரையே.

நம் நாட்டிலிருந்தே ஓர் உதாரணம் காட்டுவேன். 1942ஆம் ஆண்டு ஏப்ரில் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலிலே மூழ்கடித்தன. 307 பேர் அதனோடு மாண்டனர். அக்கப்பல் ஏறத்தாழ 53 மீற்றர் ஆழத்திலே கிடக்கின்றது. அதனைக் காணவேண்டும் என்பதே என்னிடம் வரும் இளைஞர் பலரின் அவா.

அங்கே அமுக்கம் நீர்மட்டத்திலுள்ளதிலும் 6.3 மடங்கு. நீர்மட்டத்திலே நிமிடத்துக்கு 20 லீற்றர் வளி நுகரும் ஒருவன் அங்கே நிமிடத்துக்கு 126 லீற்றர் நுகர்வான். 11.1 லீற்றர் கொள்ளளவுடைய வழக்கமான அலுமினியச் சிலிண்டரிலே, 207 பார் அமுக்கத்தில் ஏறத்தாழ 2,200 லீற்றர் வளி அடங்கும். எனவே அச்சிலிண்டர் முழுவதும் அவனுக்குப் பதினேழு நிமிடத்துக்கே போதும். அதற்குள் மேலே வருவதற்கும், வழியிலே தங்குவதற்கும், துணைவனுக்கு உதவுவதற்கும் வேண்டிய பங்கும் அடங்கியிருத்தல் வேண்டும். போதாக்குறைக்கு, அவ்வாழத்திலே நைதரசன் மதுவைப் போல அறிவை மயக்கும். அதன்பொருட்டு ஈலியம் கலந்த வாயுவை நுகர்கின்றனர். இவையெல்லாம் பயிற்சியின் பிற்படிகள். தொடக்கநிலை மாணவன் மனத்திற் பதிக்கவேண்டியது ஒன்றே: உபகரணம் கெட்டால் மேலே ஓடிவிட முடியாத இடத்திற்கு அவன் செல்லப் பயில்கின்றான். ஆகவே, ஒவ்வொரு பொருளையும் தெரியும்போது அவன் கேட்கவேண்டிய வினா, "இது எத்துணைச் சிறந்தது?" என்பதன்று. "இது கெட்டால் நான் எவ்வாறு திரும்புவேன்?" என்பதே அவ்வினா.

என் பிழை

இவ்வினாவை நான் கேளாமலே பொருள் வாங்கினேன். பயிற்சிக்கு ஆறு மாதங்களுக்கு முன்னரே, ஒரு கடையின் விலைப்பட்டியலைப் பார்த்து, 'முழுத் தொகுதி' என அதில் விளம்பரப்படுத்தப்பட்டிருந்ததைத் தபால்மூலம் வரவழைத்தேன். பெரிய மிதப்புப் பை, நீண்ட குழாய்களோடு கூடிய அமுக்கமானிகள், பளபளக்கும் வளையங்கள் பதினான்கு. அவற்றைப் பூட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது எனக்கே என்மேல் மதிப்புண்டாயிற்று.

யுக்கத்தானிலே என் ஆசிரியை அவற்றை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றும் கூறாமல், ஆழங்குறைந்த செனோட்டே ஒன்றினுள் என்னை அழைத்துச் சென்றார். ஆறு மீற்றர் ஆழம்; தலைக்குமேல் வானம் தெரிந்தது. நான் வலப்புறச் சிலிண்டரிலிருந்து மூச்செடுத்துக்கொண்டிருந்தேன். அது தீர்ந்துவிட்டது என ஆசிரியை சைகை காட்டினார். பயிற்சிக்கு உரிய சைகை அது, உண்மையிலே தீரவில்லை. நான் வாயிலிருந்ததை எடுத்துவிட்டு இடப்புறத்து வாய்ப்பகுதியைத் தேடினேன். அஃது இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. என் உடலுக்கு மிக நீண்டதாயிருந்த குழாய் வளைந்து தோள்வாரின் கீழே அகப்பட்டிருந்தது. வாரை இழுத்தேன், வரவில்லை. கீழ் நோக்கித் துழாவினேன். என் கைக்கு வந்தது அமுக்கமானியின் குழாய். இறுதியிலே ஆசிரியை தம்முடையதை என் வாயிலே வைத்தார். பன்னிரண்டு விநாடி சென்றதென அவர் பின்னர் கூறினார். நான் அரை நிமிடம் என எண்ணியிருந்தேன்.

கரையேறியபின் அவர் கூறியது இவ்வளவே: "உங்கள் பொருள்கள் நல்லவை. ஆனால் அவை உங்களுடையவை அல்ல; வேறு யாரோ ஒருவரின் உடலுக்கு அமைக்கப்பட்டவை." அன்று பிற்பகல் முழுவதும் நாங்கள் நீரில் இறங்கவில்லை. மர மேசை ஒன்றின்மேல் அனைத்தையும் பிரித்து வைத்து, ஒவ்வொன்றாக வெட்டியும் குறுக்கியும் கழற்றியும் திருத்தினோம். நான் வாங்கியவற்றுள் ஏறத்தாழப் பாதி பெட்டிக்குள்ளே திரும்பிச் சென்றது. கீழே கூறப்படுபவை அம்மேசையருகே கற்ற பாடங்கள்.

வார்க்கச்சையும் மிதப்புப் பையும்

முதலிலே தெரியவேண்டியது வார்க்கச்சை. சிலிண்டர் உடலோடு ஒட்டிக் கிடப்பதும் தொங்குவதும் இதனைப் பொறுத்தவை. 50 மில்லிமீற்றர் அகலமுள்ள உறுதியான வார், தோளிலும் இடுப்பிலும் கவட்டிலும் உடலுக்கேற்ப நீட்டவும் குறுக்கவும் தக்கதாயிருத்தல் வேண்டும். பஞ்சுறையிட்ட மென்மையும் பல பைகளும் வேண்டா. உருக்கு வளையங்கள் மார்பிலே இரண்டு, இடுப்பிலே இரண்டு, பிற்புறத்திலே சிலிண்டரின் அடியைக் கொளுவுவதற்குரிய தகடு அல்லது வளையங்கள், இவை போதும். பயனில்லாத வளையம் ஒவ்வொன்றும் வழிநூல் சிக்குவதற்குரிய இடமே.

சிலிண்டரின் மேற்பகுதியைத் தாங்குவது இறப்பர் நாண். அது முதுகுப்புறத்திலிருந்து அக்குளின் கீழாக வந்து வால்வின் கழுத்தைச் சுற்றிப் பிடிக்கும். அடிப்பகுதியை ஒரு கொளுக்கி பிற்புறத்திலே பிடிக்கும். நாண் நீண்டுவிட்டாற் சிலிண்டரின் தலை கீழே தொங்கும். குறுகிவிட்டாற் கை அசையாது. சரியான நீளத்தை எந்தப் பட்டியலும் கூறாது. நீரிலே மட்டமாகக் கிடக்கும் மாணவனைப் பக்கத்திலிருந்து பார்க்கும் ஆசிரியரின் கண்ணே கூறும். உடலும் சிலிண்டரும் ஒரே கோட்டிலே அமைந்தாற் சரி.

மிதப்புப் பையைப் பொறுத்தவரை, பெரியதே பாதுகாப்பு என எண்ணுதல் பொதுவான பிழை. கணக்கிட்டுப் பார்ப்போம். மேற்கூறிய அலுமினியச் சிலிண்டர் ஒன்றிலுள்ள வளியின் நிறை ஏறத்தாழ 2.6 கிலோகிராம். இரண்டிற்கும் ஐந்து கிலோகிராமுக்குச் சற்று அதிகம். சுழியோடலின் தொடக்கத்திலே பை தாங்கவேண்டியது இந்நிறையையும், ஆழத்திலே நசுங்கும் இறப்பர் உடை இழக்கும் மிதப்பையுமே. வெப்பநீரிலே மெல்லிய உடையோடு செல்பவனுக்குப் பதினைந்து முதல் பதினெட்டுக் கிலோகிராம் தாங்கும் பை தாராளம். அதனிலும் மிகப் பெரிய பை, காற்றுக் குறைவாயிருக்கும்போது முதுகிலே மடிந்து அலையும். உள்ளே காற்று ஓரிடத்தில் நில்லாமையால் உடல் சாயும். பையின் காற்றை வெளிவிடும் வால்வு, மட்டமாகக் கிடக்கும் நிலையிலேயே கைக்கு எட்டுகின்றதா என்பதையும் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

சிலிண்டர்கள்

சிலிண்டர்களைத் தொடக்கத்திலே வாங்கவேண்டா. பயிற்சி நடக்கும் இடங்களிலே அவை வாடகைக்குக் கிடைக்கும். விமானத்திற் கொண்டு செல்வதும் எளிதன்று. ஆனால் எதனை வாடகைக்கு எடுப்பது என்பதை அறிந்திருத்தல் வேண்டும். இரண்டும் ஒரே அளவினவாகவும் ஒரே உலோகத்தினவாகவும் இருத்தல் வேண்டும். வால்வின் திருகுபிடிகள் இரு புறத்தும் வெளிநோக்கி அமைய, வலத்துக்கு ஒன்றும் இடத்துக்கு ஒன்றுமாக எதிரெதிர் வார்ப்பில் உள்ளவை விரும்பத்தக்கவை.

அலுமினியமா உருக்கா என்பது பலர் வாதிடும் வினா. விடை நீரின் வெப்பத்தையும் உடையின் தடிப்பையும் பொறுத்தது. அலுமினியச் சிலிண்டர் நிறைந்திருக்கும்போது நீரிலே சற்று அமிழும். வெறுமையாகும்போது ஏறத்தாழ இரண்டு கிலோகிராம் மிதப்புப் பெறும். அவ்வேளை அதன் அடி மேலே எழும்; கொளுக்கியை முன்புறத்து வளையத்துக்கு மாற்றி அதனை ஒழுங்குசெய்யலாம். உருக்குச் சிலிண்டர் இறுதிவரை அமிழ்ந்தே கிடக்கும். குளிர்நாட்டிலே தடித்த உள்ளாடையும் நீர் புகா உடையும் அணிவோர்க்கு அது நன்று. இல்லாவிடின் அவர்கள் இடுப்பிலே ஈயம் கட்டவேண்டும். நம் கடலைப் போன்ற வெப்பநீரிலே, மெல்லிய இறப்பர் உடையோடு கனத்த உருக்குச் சிலிண்டர் இரண்டைச் சுமப்பவனின் மிதப்புப் பை கிழிந்தால், அவனை மேலே கொணர்வதற்கு வேறு பொருள் இல்லை. 'இது கெட்டால் எவ்வாறு திரும்புவேன்?' என்னும் வினாவிற்கு அங்கே விடை இல்லை. ஆதலால் நம் போன்றோர்க்கு அலுமினியமே ஏற்றது.

றெகுலேற்றரும் குழாய்களும்

பணத்தை எங்கே செலவிடலாம் எனக் கேட்பின், இங்கே எனக் கூறுவேன். ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு முழு றெகுலேற்றர்கள் வேண்டும். வால்வின்மேற் கவ்வும் வகையை விடுத்து, வால்வினுள்ளே திருகிப் பூட்டும் 'டின்' வகையைத் தெரிதல் நன்று. கூரையில் மோதினும் எளிதில் நழுவாது. சிலிண்டரோடு பூட்டப்படும் முதற்படிக்குச் சுழலும் தலை இருப்பின் குழாய்கள் உடலோடு ஒட்டி ஓடும். உதிரிப்பாகமும் பழுதுபார்ப்பவரும் நாம் வாழும் ஊருக்கு அருகிற் கிடைப்பார்களா என்பதை விசாரித்தபின்பே எந்த வகையெனத் தீர்மானித்தல் வேண்டும். ஆண்டுதோறும் பழுதுபார்க்க இயலாத சிறந்த றெகுலேற்றரிலும், பார்க்க இயலும் நடுத்தரமானதே மேல்.

குழாய்களின் நீளமே என்னைப் பிழைக்குள்ளாக்கியது என முன்னரே கூறினேன். பொதுவான ஒழுங்கு இதுவாகும். வலப்புறச் சிலிண்டரின் வாய்ப்பகுதிக்கு ஏறத்தாழ 2.1 மீற்றர் நீளமான குழாய். துணைவனுக்கு வளி தீர்ந்தால் அதனை அவனிடம் கொடுத்து, ஒடுங்கிய வழியிலும் ஒருவர்பின் ஒருவராக வெளியேறலாம். இடப்புறச் சிலிண்டரின் வாய்ப்பகுதிக்குக் குறுகிய குழாய். அவ்வாய்ப்பகுதி கழுத்தைச் சுற்றிய இறப்பர் நாணிலே மோவாயின் கீழ் எந்நேரமும் தொங்கும். கையை உயர்த்தாமலே, கண்ணைத் திறவாமலே, அது வாய்க்கு வரவேண்டும். அமுக்கமானிகளுக்கு 15 சென்றிமீற்றர் குழாய் போதும். அவை சிலிண்டரோடு ஒட்டிக் கிடந்து, தலையைச் சற்றே தாழ்த்தியவுடன் தெரியும். மிதப்புப் பைக்கு ஒரு சிலிண்டரிலிருந்தும், நீர் புகா உடை அணிபவனாயின் அதற்கு மற்றச் சிலிண்டரிலிருந்தும் காற்றுச் செல்லுதல் வேண்டும். ஒரு சிலிண்டர் போய்விட்டாலும் மிதப்பு முழுவதும் போகாது.

இம்முறையின் தனிச்சிறப்பு இங்கேதான் விளங்கும். வால்வுகள் முதுகின்பின் இல்லை. கண்முன்னே, கைக்கீழே உள்ளன. றெகுலேற்றர் கெட்டுக் காற்றுப் பெருக்கெடுத்தாலும், மூச்செடுக்கும்போது வால்வைத் திறந்தும் பின்னர் மூடியும் அச்சிலிண்டரின் வளியைப் பயன்படுத்தலாம். ஆனால் இது கற்றவனுக்கே கைவரும். பொருளோடு சேர்த்து விற்கப்படுவதன்று.

இரண்டு சிலிண்டரும் ஒரு கணக்கும்

இரண்டு சிலிண்டர் உண்டு, ஆதலால் இரு மடங்கு பாதுகாப்பு உண்டு என்னும் எண்ணம் ஆபத்தானது. அதனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம்.

புளோரிடாவைச் சேர்ந்த ஷெக் எக்ஸ்லி என்னும் குகைச் சுழியோடி, குகைகளிலே நிகழ்ந்த மரணங்களை ஆராய்ந்து அவற்றிலிருந்து விதிகளை வகுத்து 1979இலே ஒரு நூல் வெளியிட்டார். திறந்த நீர்வரை அறாத வழிநூல் வேண்டும். வளியில் மூன்றிலொரு பங்கை உட்செல்லவும், ஒரு பங்கைத் திரும்பவும் பயன்படுத்தி, ஒரு பங்கை இடருக்கென வைக்கவேண்டும். அளவுமீறி ஆழச் செல்லலாகாது என்பன அவற்றுட் சில. கணக்கு எளிதாகும்பொருட்டு, ஒவ்வொரு சிலிண்டரிலும் 210 பார் உண்டெனக் கொள்வோம். மாணவன் வலத்தில் 70, இடத்தில் 70 என மாறி மாறி நுகர்ந்து உட்சென்று, இரண்டிலும் 140 இருக்கும்போது திரும்புகின்றான். அவ்விடத்திலே ஒரு சிலிண்டர் முற்றாகப் போய்விட்டது. மற்றதிலே 140 உண்டு. உட்செல்ல அவனுக்குச் செலவானதும் 140. ஆகவே அவன் வெளியேறுவான்.

இனி, மாறி மாறி நுகராத ஒருவனைப் பார்ப்போம். அவன் வலத்திலிருந்தே 140 பாரையும் நுகர்ந்து உட்சென்றான். வலத்தில் எஞ்சியது 70, இடத்தில் 210. மொத்தம் முன்னவனிடம் இருந்த அளவே. ஆனால் இடப்புறத்து றெகுலேற்றர் கெட்டுவிட்டால் அவனிடம் இருப்பது 70 மட்டும், வேண்டுவதோ 140. பாதி வழியிலே அவனுக்கு மூச்சு இல்லை. இருவரிடமும் இருந்த உபகரணம் ஒன்றே. வேறுபாடு பழக்கத்திலேயே இருந்தது. ஆதலாலேதான் இரு அமுக்கமானிகளும் எளிதிற் காணத்தக்கனவாய், ஒரே அலகினவாய் இருத்தல் வேண்டும் என்கின்றோம். முதலாம் கணக்கிலும் மிச்சம் ஒன்றும் இல்லை என்பதைக் கவனிக்க. பதற்றத்தால் மூச்சு மிகுந்தால் அதுவும் போதாது. குகையிலே புதிதாகப் பயில்வோரை மூன்றிலொன்றுக்குப் பதிலாக ஆறிலொரு பங்கோடு திரும்பச் செய்வது அதன்பொருட்டே.

இவ்விதிகளை வகுத்த எக்ஸ்லி, 1994ஆம் ஆண்டிலே மெக்சிக்கோவின் சக்கத்தோன் என்னும் பெருங்குழியிலே மிக ஆழமான சுழியோடல் ஒன்றின்போது உயிர் நீத்தார். அத்துணை அறிவும் அனுபவமும் உடையவரையும் ஆழம் விட்டுவைக்கவில்லை என்பதை நாம் மறத்தல் ஆகாது.

சிறு பொருள்கள்

எஞ்சியவற்றைச் சுருங்கக் கூறலாம். முகக் கண்ணாடி முகத்துக்குப் பொருந்தவேண்டும். மாற்றுக் கண்ணாடி ஒன்று பையிலே இருத்தல் வேண்டும். காற்செட்டை விறைப்பானதாய், குதிகாலைக் கம்பிச்சுருளாற் பிடிப்பதாய் இருத்தல் நன்று. நூலையும் வலையையும் அறுக்கும் சிறு கருவிகள் இரண்டு வேண்டும். ஒன்று எந்தக் கையாலும் எடுக்கத்தக்க இடத்திலே. நீர்மட்டத்துக்கு அனுப்பும் அடையாள மிதவை ஒன்றும் நூற்சுருளும் கடலிலே இன்றியமையாதவை. குகைக்குள்ளே மின்விளக்கு மூன்று வேண்டும். ஒன்று பெரியது, இரண்டு சிறியவை. நீரில் எழுதும் குறிப்பேட்டையும் மறத்தலாகாது.

சுழியோடற் கணினி வாங்கும்போது எதிர்காலத்தை நோக்குதல் தகும். பல வாயுக்களை ஏற்பதும், ஈலியக் கலவையைக் கணிப்பதும், எந்த முறைப்படி கணிக்கின்றது என்பதை வெளிப்படையாகக் காட்டுவதுமான கணினி, தொடக்கத்திலே விலை மிகுந்ததாயினும் பின்னர் மாற்றவேண்டியதில்லை. ஆயினும் அமுக்கத்தணிவுத் திட்டத்தைத் தாளிலே தானும் கணித்து எழுதிக் கொண்டு செல்லாத மாணவனுக்குக் கணினி துணையன்று. நுகரும் வாயு ஒவ்வொன்றையும் தன் கையாலே பரிசோதித்து, சிலிண்டரின்மேல் அதன் எல்லை ஆழத்தை எழுதுதல் கடமை. ஐம்பது வீதம் ஒட்சிசன் கொண்ட கலவையை 21 மீற்றருக்குக் கீழே நுகர்ந்தால் ஒட்சிசனே நஞ்சாகி வலிப்பை உண்டாக்கும். நீரின்கீழ் வலிப்பென்பது பெரும்பாலும் மரணமே.

வாங்கும் ஒழுங்கு

ஆகவே, பயிற்சியிற் சேர விரும்பும் மாணவனுக்கு நான் கூறும் ஒழுங்கு இது. முதலிலே, முகக் கண்ணாடியும் காற்செட்டையும் உடையும். இவை உடலளவு சார்ந்தவை, எப்பயிற்சிக்கும் உதவுபவை. இரண்டாவதாக, ஆசிரியரைத் தேடுக. தாமே இம்முறையிற் சுழியோடுபவராகவும், தம்மிடமுள்ள பலவகைக் கச்சைகளை அணிந்து பார்க்க விடுபவராகவும் அவர் இருத்தல் வேண்டும். ஒரு நாளேனும் அவருடைய பொருளைப் பூட்டி ஆழங்குறைந்த நீரிலே கிடந்து பார்க்குக. மூன்றாவதாக, அவரோடு கலந்து கச்சையும் மிதப்புப் பையும். நான்காவதாக, இரண்டு றெகுலேற்றர்களும், அளந்து வெட்டிய நாண்களும், உடலுக்கேற்ற குழாய்களும். கணினியும் மிதவையும் நூற்சுருளும் அதன்பின். சிலிண்டர் எல்லாவற்றுக்கும் கடைசி. பிறர் பயன்படுத்திய பொருளை வாங்குவதில் இழுக்கில்லை. ஆனால் றெகுலேற்றரை முழுவதும் பிரித்துப் பழுதுபார்ப்பித்த பின்னரே நீரிற் கொண்டு செல்க.

பொருளை வாங்கியபின் அதனோடு பழகவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, தரையிலே அமர்ந்து, ஒவ்வொரு கொளுக்கியையும் ஒவ்வொரு வால்வையும் தொட்டுப் பார்க்குக. தேடவேண்டியிருப்பின் அப்பொருள் இருக்கும் இடம் தவறானது. பன்னிரண்டு விநாடி எனக்குக் கற்பித்தது அதுவே. என் பழைய பெட்டியிலிருந்த வளையங்களும் நீண்ட குழாய்களும் இன்றும் வீட்டின் அறையொன்றிலே கிடக்கின்றன. ஆலோசனை கேட்டு வரும் இளைஞர்க்கு அவற்றை எடுத்துக் காட்டுவது என் வழக்கம்.

இறுதியாக ஒன்று. இக்கட்டுரை ஆசிரியருக்குப் பதிலாகாது. இதனைப் படித்துவிட்டு நிலாவரையிலோ, வேறெந்தக் கேணியிலோ, மூழ்கிய கப்பலின் உட்புறத்திலோ இறங்க எவரேனும் முற்படின், நான் எழுதியது வீணினும் வீணாகும். நம் குடாநாட்டின் கல்லுக்குக் கீழே எத்துணை வழிகள் உண்டென்பதை அறியவேண்டும் என்னும் ஆசை எனக்கும் உண்டு. முறையாகக் கற்ற ஒருவர், முறையான அனுமதியோடு, அவற்றைக் கண்டு அளந்து மீளும் நாள் வரக்கூடும். அவர் இன்று நம் கல்லூரி வகுப்பறை ஒன்றிலே அமர்ந்திருப்பவராகவும் இருக்கலாம். அவர் முதலிலே வாங்கவேண்டியது பொறுமை. அஃது எந்தக் கடையிலும் விற்கப்படுவதில்லை. ஆயினும் மற்றெல்லாப் பொருளும் அதன்பின்னரே பயன்படும்.